நெல் வேரில் இரும்புப் படலம்: அமிலம் விட்டதும் கரைசல் பாலாகிவிடுகிறது, உதவி தேவை

நெல்வேர்:
எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்குத் தண்ணீர் கட்டிய தொட்டிகளில் ஏடிடி 43 நெல் ரகம் வளர்த்து, வேரில் படியும் இரும்பை அளக்கிறேன். 40 மி.லி. கரைசலில் 0.03 மோலார் சோடியம் சிட்ரேட், 0.125 மோலார் பைகார்பனேட், துருவைக் கரைக்க 0.6 கிராம் டைதயோனைட். அறை வெப்பத்தில் ஒரு மணி நேரம். ஏ.ஏ.எஸ்.ஸில் (ஒளி உறிஞ்சலை வைத்து உலோகத்தை அளக்கும் கருவி) வைக்கும் முன் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டேன். உடனே பால் மாதிரி ஆகி, உறிஞ்சு குழாயும் அடைத்துக்கொண்டது. ஒரே தொட்டியின் இரண்டு வேர்களுக்குள் இரண்டு மடங்கு வித்தியாசம் வேறு. இன்னும் பத்துத் தொட்டிதான் மிச்சம், பயமாக இருக்கிறது.

சேற்றுக்கால்:
அந்த வெள்ளை கந்தகம்தான் தம்பி. டைதயோனைட்டில் அமிலம் பட்டால் கந்தகம் பிரியும். கொஞ்ச நேரம் காற்றில் வைத்தாலும் தயோசல்பேட் மிஞ்சும், அதுவும் இப்படித்தான் செய்யும். அமிலமே வேண்டாம், இரும்பைச் சிட்ரேட் பிடித்துக்கொள்ளும். பத்து மடங்கு நீர்த்து 248.3 நானோமீட்டர் அலைநீளத்தில் அளவைப் படி. இரும்பு அளவு தெரிந்த ஸ்டாண்டர்டுகளையும் அதே கரைசலில் தயாரி, வேர் போடாத பிளாங்க் ஒன்றும் வை. டைதயோனைட் கட்டிகட்டியாக இருந்தால் ஈரம் பட்டுக் கெட்டிருக்கும், புது டப்பா எடு.
வித்தியாசத்துக்கு: வேரை எப்படி எடுத்தாய்?

நெல்வேர்:
காலையில் பிடுங்கி, சேற்றோடு மதியம்வரை தட்டில் வைத்தேன் அண்ணா. பிறகு கழுவி, 70 டிகிரி ஓவனில் காயவைத்து எடை போட்டு, அதன்பிறகுதான் கரைசலில் போட்டேன்.

சேற்றுக்கால்:
தப்பு அங்கேதான். வேர் காற்றறைத் திசு வழியாக ஆக்ஸிஜனைக் கசியவிடுவதால்தான் சேற்றில் கரைந்திருக்கும் ஃபெரஸ் இரும்பு அதன்மேல் துருவாகப் படிகிறது. சேற்றோடு தட்டில் கிடந்தால் வெளிக்காற்றும் அதே வேலையைச் செய்யும். செடி செய்யாத துருவையும் சேர்த்து அளக்கிறாய். பிடுங்கிய உடனே வாளித் தண்ணீரில் அலசு, விரலால் தேய்க்காதே. பச்சை வேரையே கரைசலில் போடு. காய்ந்தால் படலம் பொடிந்து உதிரும், அதன் தன்மையும் மாறும். எடுத்த பிறகு மூன்று முறை கழுவி, அந்தத் தண்ணீரையும் சேர்த்து 100 மி.லி. ஆக்கு. எடை அதற்கப்புறம்தான்.
இன்னொன்று: வேர் நுனி வெள்ளையாகவும் மேற்பகுதி செம்பழுப்பாகவும் இருக்கும். ஒன்றில் நுனியும் மற்றொன்றில் அடியும் வெட்டினால் எண் ஒத்துவராது. முழு வேர்த்தொகுதியையும் எடு.

நெல்வேர்:
நன்றி அண்ணா. இன்று இரண்டு தொட்டி அப்படியே செய்தேன். கரைசல் தெளிவாக நின்றது, வேர் அடிவரை வெளுத்துவிட்டது. ஒரே தொட்டி வேர்களின் எண்கள் இப்போது நெருங்கி வருகின்றன. பழைய அளவுகளை நீக்கிவிட்டேன்.