குளிக்க மறுக்கும் மறதிநோயாளிக்கு உடல் தூய்மை: வழி கூறுங்கள்

கோத்தகிரி அருகே ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக இருக்கிறேன். எங்கள் பொறுப்பில் உள்ள, மறதிநோய் கொண்ட 78 வயது மூதாட்டி ஒருவர், ஐப்பசிக் குளிர் தொடங்கியதிலிருந்து குளிக்க மறுக்கிறார்; தலையில் தண்ணீர் பட்டதும் அலறி, ஸ்வெட்டரின் பொத்தான்களை இரு கைகளாலும் இறுகப் பற்றிக்கொள்கிறார். மார்பின் அடியிலும் தொடையிடுக்கிலும் தோல் சிவந்து கசிகிறது. பூஞ்சைத் தொற்று என்று மருத்துவர் களிம்பு கொடுத்திருக்கிறார், ஆனால் ஈரம் நிற்கும் வரை அது ஆறாது.

குளியலறையை முன்கூட்டியே சூடாக்கினோம். குளியலை நண்பகலுக்கு மாற்றினோம். கைஷவர் வைத்தபோது அதன் இரைச்சலே அவரை மேலும் மிரட்டியது. வெந்நீரில் நனைத்த துணியால் முகத்தையும் கைகால்களையும் துடைக்க மட்டும் இசைகிறார். வற்புறுத்துவது அவருடைய மானத்தைக் குலைக்கும் என்பதால் அதை நான் செய்யமாட்டேன்.

உடையை முழுவதும் களையாமல், போர்வைக்குள்ளேயே பகுதி பகுதியாகத் துடைத்து அந்த மடிப்புகளை உலர்வாக வைக்கும் முறையை அனுபவமுள்ளவர்கள் படிப்படியாகக் கூறுவீர்களா?