லீனியேஜ்: கால்வழி எனலாமா?

வணக்கம்.

உயிரியலில் லீனியேஜ் (lineage) என்றால் ஒரு முன்னோரிலிருந்து தொடர்ந்து இறங்கிவரும் வழி. அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற தேடலில் துணையினம் (ஓர் இனத்துக்குள் அடங்கும் பிரிவு), உட்பிரிவு, மரபுவழி என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. என் பரிந்துரை கால்வழி. ஏன் என்பதை ஒரு விலங்கை வைத்தே சொல்கிறேன்.

தெற்குச் சிலியின் ஈரக்காடுகளிலும் அதை ஒட்டிய அர்ஜென்டினாவிலும் மோனிட்டோ டெல் மோன்டே என்ற சிறிய பைம்மா விலங்கு, அதாவது கங்காருபோலப் பையில் குட்டியை வளர்க்கும் வகை, வாழ்கிறது. கைக்குள் அடங்கிவிடும். வாலில் கொழுப்பைச் சேர்த்துவைத்துக் குளிர்காலத்தை உறங்கியே கழிக்கும். மைக்ரோபயோதீரியா என்ற விலங்கு வரிசையில் (order) இன்று எஞ்சியிருப்பது இதன் பேரினமான டிரோமிசியாப்ஸ் மட்டும்தான். அந்தப் பேரினத்துக்குள் எத்தனை இனங்கள் என்பதில்தான் சிக்கல்.

1894இல் ஓல்ட்ஃபீல்ட் தாமஸ் இதற்கு கிளிராய்டிஸ் என்று இனப்பெயர் இட்டார். பிறகு நெடுங்காலம் ஒரே இனம். சிலியின் சிலோயே தீவில் இருப்பது ஒரு துணையினம், நிலப்பரப்பில் இருப்பது இன்னொன்று என்று எழுதிவந்தார்கள். 2008இல் தாய்வழியாக மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவைப் பார்த்தபோது வடக்கு, நடு, தெற்கு என மூன்று லீனியேஜ்கள் தெரிந்தன. பழைய தீவு, நிலப்பரப்புப் பிரிவோடு அது பொருந்தவில்லை. ஆக, இங்கே லீனியேஜைத் துணையினம் என்று எழுதினால் இரண்டு வேறு பிரிவுகள் ஒரே பெயரில் மோதிக்கொள்ளும்.

அப்புறம் வந்ததுதான் பெரிய விவாதம். 2016இல் மண்டையோட்டு வேறுபாடுகளையும் டிஎன்ஏவையும் காட்டி, மூன்றும் தனித்தனி இனங்கள் என்றார்கள். பொசினோவிசி, மோன்டாக்கா என்று இரண்டு புதுப் பெயர்கள் வந்தன. 2018இல் வேறொரு குழு, இல்லை, எல்லாம் ஒரே இனம்தான் என்றது. 2021இல் வந்த ஆய்வு இரண்டு இனங்கள் என்றது. உடலளவுகளை வைத்து முடிவு செய்வது எளிதல்ல. வடக்கிலிருந்து தெற்கே போகப் போகக் குளிர் கூடுகிறது. உடலும் மண்டையோடும் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே போகக்கூடும். இரு முனைகளிலிருந்து மட்டும் மாதிரி எடுத்தால் இரண்டு வெவ்வேறு விலங்குகள்போலத் தோன்றும், இடையில் உள்ளவற்றையும் அளந்தால் கோடு அழிந்துபோகலாம்.

இனம் ஒன்றா, இரண்டா, மூன்றா என்று எண்ணிக்கை மாறினாலும் லீனியேஜ் என்ற பேச்சு மாறவில்லை. அது தரவரிசையைச் சொல்லாத சொல். நமக்கும் அப்படி ஒன்றுதான் வேண்டும். உட்பிரிவு என்றால், நாளைக்கே அது தனி இனமாக உயர்ந்துவிட்டால் சொல் இடிக்கும். மரபுவழியை ஏற்கெனவே நோய்க்கும் பண்புக்கும் கொடுத்துவிட்டோம்.

கால்வழி பழைய சொல். ஒருவரின் சந்ததித் தொடர்ச்சியைக் குறிப்பது. உடற்கூறு பற்றிய கட்டுரையில் கால் என்றால் உறுப்பு என்று குழப்பம் வருமே என்ற கவலை நியாயமானது. ஆனால் வாய்க்காலில் இருக்கும் கால் எல்லாருக்கும் பழக்கம்தானே? சேர்த்து எழுதினால் போதும். கொடிவழியும் நல்ல சொல். அதைக் கிளைத்து விரியும் முழு வரைபடத்துக்கு, அதாவது ஃபைலோஜெனிக்கு, வைத்துக்கொள்ளலாம்.

இப்படி எழுதிப் பாருங்கள்: “வடக்குக் கால்வழியைச் சிலர் பொசினோவிசி என்ற தனி இனமாகக் கொள்கிறார்கள், சிலர் கிளிராய்டிஸிலேயே சேர்க்கிறார்கள்.” துணையினம் என்றோ உட்பிரிவு என்றோ போட்டால் இந்த வாக்கியம் நிற்காது.

விலங்கியல் கற்பிப்பவர்களுக்கு இதில் மறுப்பு இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால், படிப்படியான மாற்றத்தைக் குறிக்கும் கிளைனுக்கு அடுத்துச் சொல் தேடலாம். சாய்மாற்றம் என்று நினைத்திருக்கிறேன்.