வெயிட் குறைக்க வயித்தை வெட்டிச் சின்னதாக்குற ஸ்லீவ் ஆபரேஷன் பண்ணி 4 வருஷம், வெயிட் திரும்ப ஏறுது. உங்களுக்கும் ஆச்சா?

ஆபரேஷன் அன்னைக்கு நான் 124 கிலோ. ஒன்றரை வருஷத்துல 79. பழைய சட்டையெல்லாம் தூக்கிக் குடுத்துட்டேன், இனிமே எதுக்குன்னு ஒரு திமிர். இப்போ 93. அதுவும் போன மாசம்தான் தெரியும், ஏன்னா வெயிட் மெஷினை 8 மாசமா கட்டிலுக்கு அடியில தள்ளி வச்சிருந்தேன், செக்கப்புக்கும் போகல, டாக்டர் மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னு.

சாப்பாடு இப்பவும் கொஞ்சம்தான் இறங்குது. ஒரு முட்டை, ரெண்டு துண்டு சிக்கன், அதுக்கே நெஞ்சுல நிக்கும். அப்புறம் எப்படி ஏறுதுன்னு மண்டை காஞ்சுபோய் டயட்டீஷியன்கிட்ட போனா, 3 நாள் வாயில போற எல்லாத்தையும் எழுதிட்டு வாங்கன்னாங்க. மாட்டுனது ஆபீஸ் டிராயர்ல இருந்த பிஸ்கட் பாக்கெட். சிக்கன் அடைக்குது, பிஸ்கட் அடைக்கவே மாட்டேங்குது, காபியில தோய்ச்சா வாயிலயே கூழாகி அப்படியே வழுக்கிட்டுப் போயிடும். ஒரு தடவைக்கு ரெண்டுதான் எடுப்பேன், சத்தியமா. ஒரு நாள் கணக்கு கூட்டுனா 14!

இன்னொண்ணும் அவங்க சொல்லித்தான் உறைச்சுது. ஸ்லீவ்ல வயித்துல முக்கால்வாசிக்கு மேல எடுத்துடுறாங்கல்ல, பசியைக் கிளப்புற கிரெலின் ஹார்மோன் அதிகம் சுரக்குற இடமும் அதோட போயிடுது, அதனாலதான் முதல் வருஷம் பசியே தெரியல. நான் என்னமோ எனக்கு வைராக்கியம் வந்துடுச்சுன்னு ஊரெல்லாம் அட்வைஸ் பண்ணிட்டுத் திரிஞ்சேன் 😅

---

தம்பி, நான் பைபாஸ் பண்ணி 9 வருஷம். ஹார்ட்டுக்குப் பண்றது இல்ல, வெயிட் குறைக்க வயித்தை சின்னப் பையாக்கி குடலோட இணைக்கிறது. ஆரம்பத்துல ஒரு ஸ்பூன் ஐஸ்கிரீம் போனாலே படபடப்பு, வேர்வை, வயித்தால போகும், டம்பிங்னு சொல்வாங்களே அது. போகப்போக அது குறைஞ்சுது, நானும் லைசென்ஸ் கிடைச்ச மாதிரி ஆடிட்டேன், 17 கிலோ ஏறிடுச்சு. பை விரிஞ்சிருக்கும்னு நானா முடிவு பண்ணி, நெட்ல பாத்து 5 நாள் வெறும் தண்ணி ஆகாரமா இருந்தேன், 2 கிலோ போச்சு, மறுவாரமே வந்துடுச்சு. அதைப் பண்ணாதீங்க.

எண்டோஸ்கோபி பாத்ததுல பை நல்லாத்தான் இருந்துச்சு. ரத்தத்துலதான் பிரச்சனை, ஹீமோகுளோபின் 8.6. அயர்ன், பி12 மாத்திரையை நிறுத்தி 2 வருஷம் ஆயிருந்துச்சு, சாகுற வரைக்கும் போடணும்னு முதல் நாளே சொன்னதுதான். அசதியில நடக்க முடியல, நடக்காததால இன்னும் அசதி, அசதிக்கு இனிப்பு. போதாக்குறைக்கு நரம்பு வலிக்கு ப்ரீகாபலின் வேற போட்டுட்டு இருந்தேன், அதுக்கே வெயிட் ஏத்துற குணம் உண்டாம், எழுதிக் குடுத்தப்ப யாரும் சொல்லல. நீங்க போடுற மாத்திரை எல்லாத்தையும் எடுத்துட்டுப் போய் காட்டுங்க, தைராய்டும் பாத்துடுங்க.

---

எனக்கு பிஸ்கட் இல்லீங்க, பீர். அடைக்காது, போதையும் சீக்கிரம் ஏறும். வீட்ல இன்னும் சொல்லல.

---

மேல எழுதுன சார், தயவுசெஞ்சு டாக்டர்கிட்டயாவது சொல்லிடுங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் குடி பழக்கமாகுறது நிறைய பேருக்கு நடக்குது, டாக்டருங்களுக்கு இது புதுசு இல்ல.

நான் ஸ்லீவ், பசியைக் குறைக்குற செமாக்ளூடைட் ஊசில இருக்கேன், வாரத்துக்கு ஒண்ணு, 0.25 மில்லிகிராம்ல ஆரம்பிச்சு மெல்ல ஏத்துனாங்க. 7 கிலோ குறைஞ்சுது, ஆனா ஏற்கனவே சின்ன வயிறு, அதுல பசியும் செத்துப்போச்சா, ப்ரோட்டீன் சுத்தமா இறங்கல, மாடிப்படி ஏறும்போது தொடையில தெம்பே இல்ல. இப்போ ஒரு நாளைக்கு 60 கிராம் ப்ரோட்டீன்னு கணக்கு வச்சு சாப்பிடுறேன், வாரம் ரெண்டு நாள் டம்பெல். நடுவுல ஊசியை நிறுத்திப் பாத்தேன், பசி அலறிட்டு வந்துச்சு.

---

எல்லாருக்கும் நன்றி. அக்கா, நீங்க திட்டுன மாதிரியே இருந்துச்சு, அதனாலயே போய்ட்டு வந்தேன். டாக்டர் ஒரு வார்த்தை திட்டல, கொஞ்சம் ஏறுறது சகஜம்தான், ஏன் இவ்ளோ லேட்டா வந்தீங்கன்னு மட்டும் கேட்டார். முதல்ல ப்ரோட்டீன், சாப்பிட்டு அரை மணி நேரம் தண்ணி கூடாது, பழைய பாடம்தான். 7 வாரத்துல 93ல இருந்து 90.8. டிராயர்ல இப்போ ஸ்டேப்ளர் மட்டும் இருக்கு, பக்கத்து சீட்காரர் டிராயரைப் பத்தி கேக்காதீங்க.

ராத்திரி படுத்தா புளிச்சுப் புளிச்சு எதுக்களிக்குது, அதுக்கு அடுத்த வாரம் எண்டோஸ்கோபி. தேவைப்பட்டா பைபாஸா மாத்தலாம்னு சொல்றார். அப்படி மாத்துனவங்க யாராவது இருந்தா எழுதுங்க, எதுக்களிப்பு நின்னுச்சா?