நூலக அடுக்கில் கண்டு, இன்னும் மனதை விட்டுப் போகாத ஒன்று: பகிருங்கள்

வைகைக்கரை:
‘செந்தமிழ்’ என்ற பழைய தமிழாய்வு இதழின் தொகுதி ஒன்று. ஒரு சங்கப் பாட்டை அச்சிட்ட பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில் யாரோ வேறு பாடம் (அதே வரிக்கு வேறு சொல்வடிவம்) எழுதி, கீழே ‘ஏட்டில் இப்படி’, அதாவது ஓலைச்சுவடியில் இப்படி, என்று குறித்திருந்தார். பொடி எழுத்து, எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய பழைய ‘லை’. என் முனைவர் பட்ட ஆய்வு பாடவேறுபாட்டின் பக்கம் திரும்பியதே அதனால்தான். அடுத்த ஆண்டு படம் எடுக்கலாம் என்று போனால் தொகுதி பைண்டிங் முடிந்து வந்திருக்கிறது. ஓரத்தை மெஷினில் வெட்டிவிட்டார்கள். ‘ஏட்டில்’ மட்டும் மிச்சம். எழுதியவர் யார் என்ற கேள்வி இன்னும் அரிக்கிறது.

ஏடுதேடி:
பைண்டிங்கைக் குறை சொல்லாதீர்கள், செய்யாவிட்டால் தொகுதியே பொடியாகியிருக்கும். உங்களை அடுக்குக்குள் விட்டார்களே, அது பெரிது. எங்கள் பல்கலைக்கழகத்தில் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். பெயர் தெரிந்த புத்தகம்தான் கைக்கு வரும். சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஏ.கே. ராமானுஜன் 1962இல் சிகாகோ பல்கலைக்கழக ஹார்ப்பர் நூலகத்தின் அடித்தளத்தில் பழந்தமிழ் இலக்கணம் தேடப் போனார். கண்ணில் பட்டதோ உ.வே.சா. 1937இல் பதிப்பித்த குறுந்தொகை. அடுக்குகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தே படித்தாராம். சீட்டு முறை இருந்திருந்தால் இலக்கணம் மட்டும்தானே வந்திருக்கும்? எங்கள் நூலகத்திலும் ஒரு மதியம் ஊழியர் ஒருவர் ‘நீயே வந்து பாரும்மா’ என்று என்னை உள்ளே விட்டார். தொல்காப்பிய உரையாசிரியர் சேனாவரையருக்குப் பக்கத்தில் இன்னொரு உரையாசிரியர் தெய்வச்சிலையார்! தேர்வுக்காக மனப்பாடம் செய்த பெயர், உரையாகக் கையில். இப்போது அவர் உரைதான் என் ஆய்வு.

பழம்பதிப்பு:
ஏடுதேடி சொல்வது சரி. 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன், வாசகரை அடுக்குக்குள் விட வேண்டும் என்று 1931லேயே புத்தகத்தில் வாதாடியவர். ஆனால் பைண்டிங் விஷயத்தில் நான் வைகைக்கரை பக்கம். ஓரம் விடாமல் வெட்டுவது பாதுகாப்பு ஆகாது.

வைகைக்கரைக்கு ஒரு யோசனை. தொகுதியின் உள்பக்கத்தில் சேர்க்கை எண் இருக்கும். அதை வைத்து, நூலகத்துக்கு வந்த புத்தகங்களை வரிசையாகப் பதியும் அக்சஷன் ரிஜிஸ்டரைக் கேளுங்கள். விலைக்கு வாங்கியதா, நன்கொடையா என்று அதில் இருக்கும். ஒரு புலவர் வீட்டுப் புத்தகங்கள் மொத்தமாக வந்திருந்தால் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்களில் பதிந்திருப்பார்கள். முன்னும் பின்னும் உள்ள எண்களை எடுத்துப் பாருங்கள், அதே பென்சில் எழுத்து வேறொரு புத்தகத்தில் பெயரோடு இருக்கலாம். கிடைக்காவிட்டால் சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் அதே இதழின் வேறு படி இருக்கிறதா என்று கேளுங்கள். ஓரக்குறிப்பு கிடைக்காது, ஆனால் அந்தப் பாட்டைப் பற்றிப் பின்னால் மறுப்புக் கட்டுரை ஏதும் வந்ததா என்று பார்க்கலாம். அப்புறம், அடுத்த பைண்டிங் பட்டியல் போவதற்குள் நூலகருக்கு ஒரு கடிதம் கொடுங்கள்: கைக்குறிப்பு உள்ள தொகுதிகளை மெஷினுக்கு அனுப்ப வேண்டாம் என்று.