ஃப்ளூ, கோவிட் காய்ச்சல் விட்ட பிறகு வரும் தொந்தரவுகள்: மருத்துவர்களே, நாள் கணக்கோடு பகிருங்கள்

நுரையீரல் மருத்துவர்:
முதலில் கேட்பது தேதியைத்தான். என்றைக்குக் காய்ச்சல் தொடங்கியது, என்றைக்கு விட்டது? ஃப்ளூ இறங்கி, நாலு நாள் தெம்பாக நடமாடிவிட்டு, இரண்டாம் வாரத்தில் மறுபடி குளிரும் காய்ச்சலுமாக, மூச்சிழுத்தால் நெஞ்சில் குத்துகிறது என்று வருவார்கள். பெரும்பாலும் அது பழைய வைரஸ் இல்லை. புண்பட்ட மூச்சுக்குழாயில் நிமோகாக்கஸ், ஸ்டஃபிலோகாக்கஸ் போன்ற பாக்டீரியா குடியேறியிருக்கும். அன்றே எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

வெறும் வறட்டு இருமல் 3 முதல் 8 வாரம் இழுப்பது வேறு கதை. உள்தோல் ஆறும்வரை குளிர்காற்று பட்டாலும், சிரித்தாலும் இருமல் கிளம்பும். ஆன்டிபயாடிக் வீண். ஆனால் எடை குறைந்தாலோ, சளியில் ரத்தம் தெரிந்தாலோ 8 வாரம் காத்திருக்கக் கூடாது.

இதய மருத்துவர்:
ஃப்ளூ உறுதியான முதல் 7 நாளில் மாரடைப்பு அபாயம் வழக்கத்தைவிட சுமார் 6 மடங்கு என்று கனடாவின் ஒன்டாரியோ மாகாண ஆய்வு ஒன்று 2018இல் காட்டியது. வயதானவரின் நெஞ்சு இறுக்கத்தை 'இருமி இருமி வந்த வலி' என்று தள்ளிவிடாதீர்கள்.

பிசியோதெரபிஸ்ட்:
கோவிட்டுக்குப் பின் வரும் அசதியில் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. நன்றாக இருக்கும் நாளில் பாக்கி வேலையெல்லாம் முடிப்பார்கள். அன்று ஒன்றும் ஆகாது. 12 முதல் 48 மணி நேரம் கழித்துப் படுக்கையில் விழுவார்கள். அதனால் காரணம் பிடிபடாது. இரண்டு வாரம் செயலையும் மறுநாள் நிலையையும் எழுதி வைத்தால் எல்லை எங்கே என்று தெரியும். அந்த எல்லைக்குள்ளேயே நிறுத்துவதுதான் சிகிச்சை. 'கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு' என்ற வழக்கமான உடற்பயிற்சி அறிவுரை இவர்களைக் கெடுக்கும்.

எழுந்து நின்றால் படபடப்பு, கிறுகிறுப்பா? 10 நிமிடம் படுத்து நாடியை எண்ணுங்கள். பிறகு எழுந்து, பக்கத்தில் ஆள் இருக்க, 10 நிமிடம் அசையாமல் நின்று நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணுங்கள். ரத்த அழுத்தம் விழாமல் நாடி மட்டும் படுத்திருந்ததைவிட நிமிடத்துக்கு 30 துடிப்புக்கு மேல் கூடி நின்றால் பாட்ஸ் (POTS, எழுந்து நின்றால் நாடி அளவுக்கு மீறி ஏறும் கோளாறு) என்று சந்தேகிக்கலாம். பதின்வயதினருக்கு அளவு 40. அந்த எண்களை அப்படியே மருத்துவரிடம் கொடுங்கள். வீட்டில் அளந்ததுதானே என்று நாங்கள் ஒதுக்குவதில்லை.

இதய மருத்துவர்:
ஒன்று சேர்க்கிறேன். காய்ச்சலுக்குப் பின் இதயத்தசை அழற்சி என்று உறுதியானவருக்கு 3 முதல் 6 மாதம் ஓட்டம், பளு தூக்கல் எதுவும் கூடாது. உடம்பு தேறிவிட்டது போலத் தோன்றினாலும், வேகமாக ஓடும்போது இதயத் துடிப்பு தாறுமாறாகலாம்.

காது மூக்கு தொண்டை மருத்துவர்:
வாசனை போனவர்களுக்கு முகரும் பயிற்சி: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் மண எண்ணெய்களைப் பஞ்சில் நனைத்துத் தனித்தனிப் புட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் 20 வினாடி, காலை மாலை, குறைந்தது 12 வாரம். ஆழமாக உறிஞ்ச வேண்டாம், முயல் போல மெல்ல முகருங்கள். நடுவில் காபியும் வெங்காயமும் அழுகிய நாற்றம் அடிக்கத் தொடங்கினால் பலர் பயிற்சியை விட்டுவிடுகிறார்கள். நரம்பு மறுபடி முளைக்கும்போது அப்படித்தான் குழம்பும். புட்டியில் எண்ணெய் மணம் மங்கியிருந்தால் மாற்றுங்கள். வெறும் பஞ்சை முகர்ந்துகொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள்.