ரோச் லைற்றும் வன்னி இரவும்: கண்டதையும் மாற்றிக் கட்டியதையும் எழுதுங்கோ

புதுக்குடியிருப்புத் திருத்தக்காரன்:

மார்கழியில் நெல் குடலைக்கு, அதாவது கதிர் தள்ளுவதற்கு முந்திய பருவத்துக்கு, வந்தவுடன் என் மேசையில் ரோச்சுகள் குவியத் தொடங்கிவிடும். கொண்டுவருகிறவர்கள் எல்லாரிடமும் ஒரே முறைப்பாடுதான். "அண்ணை, பெட்டியில லட்சம் லூமன் எண்டு போட்டிருக்கு. அடிச்சா மற்ற வரம்புக்கு அங்கால ஒண்டும் தெரியேல்லை." கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒற்றை எல்.ஈ.டி, அதுவும் க்ரீ கம்பனியின் எக்ஸ்.எம்-எல் மாதிரியே செய்த போலி. அசலே 3 அம்பியர் கொடுத்தால்தான் ஆயிரம் லூமனுக்குக் கிட்ட வரும். லட்சம் என்பது பெட்டி அச்சடித்தவருடைய தாராளம்.

காட்டோரம் காணி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது, லூமனை விட்டுவிட்டுக் கண்டெலாவைக் கேளுங்கோ. லூமன் என்பது ரோச்சில் இருந்து எல்லாப் பக்கமும் வெளியேறும் மொத்த வெளிச்சம். கண்டெலா என்பது நீங்கள் அடிக்கிற திசையில் அது எவ்வளவு செறிவாகப் போகிறது என்பது. கண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீற்றரில் தூரம் வந்துவிடும். 10,000 கண்டெலா 200 மீற்றர், 40,000 என்றால் 400, ஒரு லட்சம் என்றால் 630 சொச்சம். ஆனால் அந்தத் தூரத்தின் கடைசியில் விழுவது 0.25 லக்ஸ், அதாவது பறுவ நிலவு அளவுதான். நிற்பது யானையா பற்றையா என்று பிரித்தறிய வேண்டுமானால் பாதித் தூரத்தைக் கணக்கில் எடுங்கோ. அங்கே வெளிச்சம் நான்கு மடங்காகிவிடும்.

இன்னொன்று பலர் நம்ப மறுப்பது. தூரம் அடிக்கச் சின்ன எல்.ஈ.டிதான் வேண்டும். ஒரே ரிப்ளெக்டரில் எக்ஸ்.எச்.பி 70 என்கிற பெரிய எல்.ஈ.டியை வைத்தால் முற்றம் முழுக்கப் பகலாகும், குளக்கட்டின் மற்றத் தலைப்பு இருட்டாகவே இருக்கும். அதையே எடுத்துவிட்டு ஆஸ்ரம் கம்பனியின் ஒரு சதுர மில்லிமீற்றர் தட்டை எல்.ஈ.டியை வைத்தால் மொத்த வெளிச்சம் எவ்வளவோ குறையும், கதிர் மட்டும் நேராகப் போய் மரத்தில் குத்தும்.

சரி, நான் மேசையில் இருந்து கதைக்கிறேன். இரவில் வெளியே நிற்பவர்கள் எழுதுங்கோ.

பாண்டியன்குளம் காவல்கொட்டில்:

போன காலபோகத்தில் என்னிடம் இருந்தது தலையை இழுத்துக் குவிக்கிற ரோச். பட்டனை அழுத்த அழுத்தக் கூட்டு, நடு, குறை, மின்னல், எஸ்.ஓ.எஸ் என்று ஐந்து விதம் வரும். ஒரு இரவு நாய் குரைக்காமலே கொட்டிலுக்குள் வந்து என் காலுக்குள் படுத்துக்கொண்டது. அப்போதே விளங்கிவிட்டது. அடித்தபோது முதலில் தெரிந்தது யானை இல்லை. ஈரச் சேறு பளபளக்கிற ஒரு வயிறும், அதில் ஒட்டிக் கிடந்த இரண்டு மூன்று நெற்தாளும்தான். கதிர் அவ்வளவு ஒடுக்கம். தலை எந்தப் பக்கம் என்று தேட வேண்டியிருந்தது.

தனியன் யானை. வெளிச்சத்தைக் கூட்டுவம் என்று பட்டனை அழுத்தினால் ரோச் மின்னலுக்குப் போய்விட்டது. அந்த வெட்டி வெட்டி வருகிற வெளிச்சத்தில் அது நிற்கிறதா, வருகிறதா என்றே பிடிபடவில்லை. காதை விரித்தது மட்டும் தெரிந்தது. பக்கத்துக் கொட்டிலில் இருந்த மாமா யானை வெடி ஒன்றைக் கொளுத்திப் போட்டார். பிறகு அது அவசரமே இல்லாமல் வாய்க்காலைத் தாண்டிப் போனது.

மின்னல் காட்டினால் யானை பயந்து ஓடும் என்று விற்கிறவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் ஒருக்கால் வந்து எங்கள் வரம்பில் நின்று சொல்லட்டும். ரோச் யானையைக் கலைக்க இல்லை, அது எங்கே நிற்கிறது என்று தூரத்திலேயே கண்டு நாங்கள் விலகத்தான். இப்போது என்னிடம் இருப்பதில் இரண்டே நிலை: கூட்டு, குறை.

புதுக்குடியிருப்புத் திருத்தக்காரன்:

அந்த ஐந்து விதத்தை இரண்டாக்குவது பெரிய வேலை இல்லை. கரண்ட்டைக் கட்டுப்படுத்துகிற ட்ரைவர் என்கிற வட்டத் தட்டில்தான் அந்தப் புத்தி இருக்கிறது. சில தட்டுகளில் விளிம்பிலே சின்ன நட்சத்திரப் புள்ளிகள் இருக்கும். அவற்றில் ஒன்றை விளிம்போடு ஈயம் வைத்து இணைத்தால் வேறு வரிசைக்கு மாறிவிடும். அப்படி இல்லாததைக் கழற்றி எறிந்துவிட்டு ஏ.எம்.சி 7135 போட்ட தட்டு மாற்றுவேன். ஒரு 7135 சில்லு 350 மில்லி அம்பியர் விடும். எட்டுச் சில்லு என்றால் 2.8 அம்பியர். வயல் காவலுக்கு நான் ஆறுதான் வைப்பேன், 2.1 அம்பியர். வித்தியாசம் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, சூடு குறையும், 3000 மில்லி அம்பியர் மணி பற்றரியில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தாராளமாக ஓடும்.

ஒட்டுசுட்டான் தண்ணிமுறை:

எனக்குத் தூரம் தேவையில்லை அண்ணை. முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணி எங்கள் வாய்க்காலுக்கு இரவில் முறை வந்தால் நானும் மாமியும்தான் போய்த் திருப்பவேண்டும். எங்களுக்கு யானையைவிடப் பயம் காலடியில் கிடக்கிறதுதான்.

வாய்க்கால் கரையில் பாலைச் சருகு. அந்த நீலம் பாரித்த வெள்ளை வெளிச்சத்தில் சருகு முழுக்க ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். மாமி ஒருநாள் என் தோளைப் பிடித்து இழுத்தா. நான் அடுத்த அடி வைக்க இருந்த இடத்தில் புடையன் சுருண்டு கிடக்குது. ரோச் அதன்மேல்தான் அடித்துக்கொண்டிருந்தது, நான் காணவில்லை. மாமி கண்டது தன் கையில் இருந்த பழைய மஞ்சள் பல்ப் ரோச் வெளிச்சத்தில்.

பிறகு தம்பி எனக்கு எல்.ஈ.டியை மாற்றித் தந்தான். நிச்சியா கம்பனியினது, கொஞ்சம் மஞ்சள் சாய்ந்த 4000 கெல்வின், நிறத்தைச் சரியாகக் காட்டுகிற வகை என்றான். இப்போது சருகின் மண்ணிறம் வேறு, புடையனின் மண்ணிறம் வேறு என்று தெரிகிறது. கண்ணாடியில் மங்கல் செலோரேப் ஒட்டிவிட்டான், வெளிச்சம் காலைச் சுற்றி அகலமாக விழுகிறது. இதைப்பற்றி ஒருத்தரும் எழுதுவதில்லை, எல்லாருக்கும் ஒரு கிலோமீற்றர் அடிக்கிற ரோச்தான் வேண்டும்.

புதுக்குடியிருப்புத் திருத்தக்காரன்:

தங்கச்சி சொன்னது முழுக்கச் சரி. வெள்ளை எல்.ஈ.டி என்பது உள்ளே நீலம்தான், மேலே பூசியிருக்கிற மஞ்சள் பொஸ்பர் அதை வெள்ளையாக்குகிறது. 6500 கெல்வினில் நீலம் தூக்கலாகவும் சிவப்பு மிகக் குறைவாகவும் இருக்கும். மண்ணிறத்தைப் பிரித்துக் காட்டுவதே அந்தச் சிவப்புத்தான். பனிமூட்டத்திலும் மழைத்தூறலிலும் குளிர் வெள்ளை திரும்பிக் கண்ணிலேயே அடிக்கும். நிறம் நல்லதாக வேண்டுமென்றால் கொஞ்சம் லூமன் இழக்கத்தான் வேண்டும். இழக்கலாம்.

மல்லாவி ஐயா:

நீங்கள் எல்லாம் கெல்வின் பார்க்கிறீர்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குள் பற்றரி வராது. தடை செய்த சாமான்களில் ரோச் பற்றரியும் ஒன்று. களவாக வந்தாலும் வாங்குகிற விலை இல்லை. செத்த பற்றரியை வெயிலில் காயவைப்போம், அடியில் ஆணியால் ஓட்டை போட்டு உப்புத்தண்ணி விடுவோம், கொஞ்ச நேரத்துக்கு உயிர் வரும். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்டோம். வீட்டுக்கு வெளிச்சம் ஜாம் போத்தல் விளக்குத்தான். பஞ்சை முறுக்கிப் போட்டு, சொட்டு மண்ணெண்ணெய். மாற்றிக் கட்டுகிற பழக்கம் உங்கள் தலைமுறையில் வந்தது இல்லை, தம்பிமார். 2002-இல் பாதை திறந்து பற்றரி கடையில் குவிந்தபோது எங்கள் வீட்டில் ஒருவரும் அதை எரிக்கவில்லை, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினோம்.

முல்லைத்தீவுக் கரை:

வற்றாப்பளை அம்மனுக்குக் கடல் தண்ணியில் விளக்கெரிகிற ஊர் எங்களது. ஆனால் எங்கட ரோச்சுக்கு மட்டும் உப்புத்தண்ணி ஆகாது.

நந்திக்கடலில் இரவில் இறாலுக்கு இறங்கும்போது தலை லைற்தான். தண்ணிக்குள் இறாலின் கண் செம்மஞ்சளாய்ப் புள்ளி புள்ளியாக மினுங்கும், அதைப் பார்த்துத்தான் வீச்சு வலை. இழுத்துக் குவிக்கிற ரோச் இங்கே ஒரு மாதம் தாங்காது. தலையை இழுக்கிறபோது உள்ளே காற்றை உறிஞ்சும், காற்றோடு உப்பு ஈரமும் போகும். ரிப்ளெக்டர் உள்ளவை பரவாயில்லை. தண்ணி புகாமல் தடுக்கிற ஓ-ரிங்குக்குச் சிலிக்கன் கிறீஸ் பூசிவிட்டு, கரைக்கு வந்ததும் நல்ல தண்ணியில் கழுவி, கழற்றாமல் காயவிடவேண்டும்.

ஒன்று சொல்லவேண்டும். பெரிய லைற் பூட்டிக் கடலுக்குள் வெளிச்சம் பாய்ச்சி மீனை ஒட்டுமொத்தமாக அள்ளுகிறவர்களால் எங்கள் கரைவலைக்கு மிஞ்சுவது வெறும் பாசி. தயவுசெய்து அதற்கு ஒருத்தரும் இங்கே ஆலோசனை சொல்லாதீர்கள்.

வவுனிக்குளம் தோணி:

குளத்தில் வலை கிளப்பப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ரோச்சைக் கண்ணுக்கு நேராக, நெற்றியோரம் பிடித்து அடியுங்கோ. இடுப்புக்கு அருகில் பிடித்தால் முதலைக் கண்ணின் மினுக்கம் உங்களுக்குத் திரும்பி வராது. சிவப்புத் தணல் மாதிரித் தெரியும். இரண்டு கண்ணுக்கும் இடைவெளி கூட என்றால் ஆளும் பெரியது. பன்றி அப்படி இல்லை, அதன் கண் மினுங்காது. மரக்கறித் தோட்டத்தில் கண்ணைத் தேடி அடித்துவிட்டு ஒன்றும் இல்லை என்று திரும்பிப் போனவர்களைக் கண்டிருக்கிறேன். உழுகிற சத்தத்தைக் கேட்டு அடியுங்கோ.

பரந்தன் பெடியன்:

அண்ணை, என்னுடைய ரோச் பத்து நிமிசத்தில் கை வைக்க முடியாமல் சுடுகுது, வெளிச்சமும் நீலமாகி மங்குது. உள்ளே எல்.ஈ.டிக்குக் கீழே வெறும் கோது. செம்புத் தட்டு வைக்கவேண்டும் என்கிறார்கள். இங்கே செம்பு விலை. சிநேகிதன் ஒருவன் காட்டுக்கரையில் சண்டைக் காலத்து ஷெல்லின் பித்தளைக் கோது கிடக்கு, வெட்டித் தாறன் என்கிறான். அது காணுமா?

புதுக்குடியிருப்புத் திருத்தக்காரன்:

தம்பி, முதலில் அந்தச் சிநேகிதனை நிற்பாட்டு. காட்டுக்கரையில் கிடக்கிற எதையும் கிண்டவோ, வெட்டவோ, வீட்டுக்குக் கொண்டுவரவோ வேண்டாம். வெறும் கோது என்று எடுத்தவர்களின் கை போன கதை எங்கள் ஊரில் கேட்காத ஆள் இல்லை.

இரண்டாவது, கிடைத்தாலும் பிரயோசனம் இல்லை. வெப்பம் கடத்துவதில் செம்பு 400 என்றால் அலுமினியம் 200 சொச்சம், பித்தளை 110-120 அளவுதான். நீ வைத்திருக்கிற அலுமினியக் கோதை எடுத்துவிட்டுப் பித்தளை வைப்பது பின்னுக்குப் போவது.

ஏன் சுடுகிறது என்று பார். 3 அம்பியர், 3.3 வோல்ற், ஏறக்குறைய 10 வாற். அதில் வெளிச்சமாகப் போவது மூன்று வாற் அளவு. மிச்சம் ஆறேழு வாற் அந்தப் பொட்டு அளவு எல்.ஈ.டிக்குள் சூடாக நிற்கும். அதை ரோச்சின் உடம்புக்குக் கடத்த வழி வேண்டும். உடம்பு சுடுவது நல்ல குணம், சூடு வெளியே வருகிறது என்று அர்த்தம். வெளிச்சம் நீலமாகி மங்குகிறபோது உடம்பு சுடாமல் இருந்தால்தான் பயப்படவேண்டும். உன்னுடையது சுடவும் செய்கிறது, நீலமாகவும் மாறுகிறது என்றால் அளவுக்கு மேல் கரண்ட் போகிறது. முதலில் ட்ரைவரைக் குறை. அதற்குப் பிறகு எல்.ஈ.டி இருக்கிற நட்சத்திரத் தட்டைக் கழற்றி, எல்.ஈ.டியின் அடியில் உள்ள வெப்பப் பொட்டு நேரே செம்பில் தொடுகிற வகைத் தட்டுக்கு மாற்று. அடியில் பசை மெல்லிசாக, கண்ணாடி போல் பரவவேண்டும். அப்பிப் பூசினால் பசையே தடையாகிவிடும்.

அடுத்தது வால் ஸ்பிரிங். மலிவு ரோச்சில் மெல்லிய இரும்புக் கம்பி. 0.1 ஓம் தடை இருந்தாலே 3 அம்பியரில் 0.3 வோல்ற் அங்கேயே தின்றுவிடும். ஸ்பிரிங்கின் உச்சிக்கும் அடிக்கும் ஒரு மெல்லிய செம்பு வயரை ஈயம் வைத்து இணை. கொஞ்சம் தளர்வாக விடு, பற்றரி அழுத்தும்போது மடங்க இடம் வேண்டும்.

பரந்தன் பெடியன்:

பற்றரி 9900 என்று போட்டிருக்கு அண்ணை. அதோடு சோலரில் நேரே சார்ஜ் ஏற்றலாமா?

புதுக்குடியிருப்புத் திருத்தக்காரன்:

இந்த ரோச்சுகளில் போடுகிற பற்றரியின் வகை 18650. அப்படியென்றால் 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம். அந்தக் குழாய்க்குள் நல்ல கம்பனிக்காரர் வழக்கமாக அடைப்பது 3500 மில்லி அம்பியர் மணி சொச்சம்தான். 9900 என்று ஒட்டியிருந்தால் வாங்காதே. நகைக்கடைத் தராசில் வைத்துப் பார், நல்லது 45 கிராம் அளவில் இருக்கும். சிலதை உரித்துப் பார்த்தேன், வெளிக்கோதுக்குள் சின்னப் பற்றரி, மிச்சம் தூள்.

2022-இல் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போன நாட்களில் இங்கே பலர் பழைய லப்டொப் பற்றரியை உடைத்துத்தான் தப்பினார்கள். இப்பவும் அது நல்ல வழி. மீற்றரில் 2 வோல்ற்றுக்குக் கீழே கிடப்பதை எறி. ஏற்றிவிட்டு ஒரு கிழமை வைத்து, 4.2-இல் இருந்து நன்றாக இறங்கிவிட்டதையும் எறி. இரண்டு பற்றரி வரிசையாகப் போடுகிற ரோச்சில் பழையதும் புதியதும் கலக்கவே கூடாது. பலவீனமானது முதலில் வெறுமையாகி, மற்றது அதைத் தலைகீழாக ஏற்றத் தொடங்கும். மூடிய குழாய்க்குள் அது வெடிக்கிறது என்றால் குண்டுதான்.

சோலரில் இருந்து நேரே வேண்டாம். 5 வோல்ற் ஆக்கி, டிபி 4056 என்கிற சார்ஜ் தட்டு ஒன்று வழியாகக் கொடு. சின்னத் தட்டு, விலையும் மலிவு, 4.2-இல் தானாக நிறுத்தும். வெயில் படுகிற இடத்தில் பனலை வை, பற்றரியை நிழலில் வை. மோட்டார் சைக்கிள் ராங்கிக்கு மேல் ரோச்சை வைத்துவிட்டு வயலுக்குள் இறங்குகிற பழக்கத்தையும் விடுங்கோ.

செம்பு துண்டு கொஞ்சம் சேர்ந்திருக்கிறது. இந்தக் கிழமை கடைச்சலுக்குக் கொடுக்கிறேன். வழக்கமாக 16, 20 மில்லிமீற்றர் தட்டுக்குத்தான் வெட்டுவேன். உங்கள் ரோச்சின் உள்விட்டம் வேறாக இருந்தால் வேர்ணியரால் அளந்து எழுதுங்கோ, அடிமட்டத்தால் அளக்காதீர்கள். பாண்டியன்குளம் ஆள், உங்களுடைய இரண்டாவது ரோச் முடிந்துவிட்டது, மாங்குளம் பஸ்ஸில் கொடுத்துவிடவா?

பாண்டியன்குளம் காவல்கொட்டில்:

கொடுத்துவிடுங்கோ அண்ணை. மாமாவுக்கும் ஒன்று வேண்டுமாம். அவருக்கு ஒரே நிலை காணும், கூட்டு மட்டும்.