டிபென்டன்சிக்கு ஒரு சொல்: தாங்குபொருள்

வணக்கம் நண்பர்களே,

டிபென்டன்சிக்கு, அதாவது ஒரு மென்பொருளுக்கு முன்பே நிறுவியிருக்க வேண்டிய மற்ற மென்பொருளுக்கு, 'சார்பு' என்ற சொல்லே போதும் என்று அண்ணன் ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு மனம் ஒப்பவில்லை. இங்கே மட்டக்களப்பில் கணித பாடத்தில் சார்பு என்றால் ஃபங்ஷன். செய்நிரல் படிக்க வரும் பிள்ளைக்கு இரண்டும் சார்பு என்றால் எப்படி விளங்கும்?

கல்லடியில் சனிக்கிழமைகளில் நாலைந்து பிள்ளைகளோடு, லினக்ஸ் ஃபிரம் ஸ்கிராட்ச் முறையில், மூலநிரலிலிருந்தே ஒரு பணிசெயல் முறைமையைக் கட்டி வருகிறோம். போன கிழமை பேர்ல் மொழிக்கான எக்ஸ்எம்எல் பார்சரை, அதாவது எக்ஸ்எம்எல் கோப்புகளை வாசித்துப் பிரிக்கும் கூறை (மொட்யூல்), நிறுவும் வேலை. கட்டளைகள் நாலுதான்: 'பேர்ல் மேக்ஃபைல்.பிஎல்', 'மேக்', 'மேக் டெஸ்ட்', கடைசியில் 'மேக் இன்ஸ்டால்'. முதல் கட்டளையிலேயே நின்றுவிட்டது. எக்ஸ்பாட் என்ற நிரல் நூலகத்தை முதலில் நிறுவ வேண்டுமாம். அவசரத்தில் அதை விட்டுவிட்டு வந்திருக்கிறோம்.

"சீபான் கட்டளையைக் குடுத்தா அதுவே எடுத்துத் தராதா சேர்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். நல்ல கேள்வி. சீபான், கூறு ஒன்றுக்கு வேண்டிய மற்றப் பேர்ல் கூறுகளைத் தேடி நிறுவித் தரும். எக்ஸ்பாட்டோ சி மொழியில் எழுதிய நூலகம். அதை நாம்தான் நிறுவ வேண்டும். இதை விளக்கும்போது வாயில் தானாக வந்தது: "பார்சர் எக்ஸ்பாட்டில தங்கியிருக்கு, எக்ஸ்பாட் அதைத் தாங்குது." பலகையில் ஒரு பந்தல் கீறினேன். காலில் எக்ஸ்பாட், அதன் மேல் பார்சர், பார்சருக்கும் மேலே, அதில் தங்கியிருக்கும் இன்ட்ல்டூல் என்ற மொழிபெயர்ப்புக் கருவி. எதை முதலில் நிறுவுவது என்று பிறகு ஒருவரும் கேட்கவில்லை.

தங்கியிருத்தல் எங்களுக்குப் பழகின சொல். படிவங்களிலும் 'தங்கிவாழ்வோர்' என்றுதான் வரும். ஆனால் அது மேலே இருப்பதைக் குறிக்கிறது. நமக்கு வேண்டியது கீழே நின்று சுமப்பதன் பெயர். அதனால் 'தாங்குபொருள்' என்கிறேன். 'தாங்குகூறு' என்று முதலில் யோசித்தேன், ஆனால் எக்ஸ்பாட் பேர்ல் கூறு அல்லவே. மென்பொருள் என்ற சொல்லோடும் தாங்குபொருள் இயல்பாக ஒட்டுகிறது.

'முன்தேவை' நல்ல சொல்தான். ஆனால் வட்டில் இடம், ரூட் (நிர்வாகி) உரிமை எல்லாமே முன்தேவைதானே?

தங்கு, தாங்கு இரண்டும் காதில் குழம்பும் என்பீர்கள். சரி, தங்கியிருத்தலை வினையாக மட்டும் ஆள்வோம், பெயருக்குத் தாங்குபொருள் மட்டும்.

அப்புறம், சில கூறுகள் 'மேக் டெஸ்ட்' ஓட்டுவதற்கு மட்டும் தேவைப்படும். அவற்றைச் 'சோதனைத் தாங்குபொருள்' எனலாமா? இதைவிடச் சின்னதாக ஒன்று அகப்பட்டால் எழுதுங்கள்.